ஆர்மோனியம் தானாக வாசிக்கும், பெட்டியை மட்டும் கையைவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கோயில் பஜனைக்கு வாசித்த மாமா கொழும்புக்குப் போய்விட்டாராம். பெட்டி சும்மா கிடக்கிறது, தானாக வாசிக்க வைக்கலாமா, "உள்ளே எல்லாம் புதுசாக்கித் தருகிறேன்" என்று ஒருவர் பெட்டியைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறார்.

கொடுக்காதீர்கள். தானாக வாசிக்கத் தேவையானது இரண்டுதான், கட்டையை அமுக்க ஒன்று, காற்றடிக்க ஒன்று. இரண்டுக்கும் ரீடை, அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் உலோக நாக்கை, தொடவே தேவையில்லை. பழைய பெட்டியின் உயிரே அந்தப் பித்தளை ரீட்தான், அதைக் கழற்றி விற்றுவிட்டு மலிவு ரீடைத் திருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திரும்பி வந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெளியே வார்னிஷ் பளபளக்கிறது, உள்ளே பலகையில் பழைய திருகு ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை, கீழ் ஸ்தாயி முழுக்கக் கரகரப்பு. பழுது பார்க்க நம் பிள்ளைகள் ஒருவருக்கும் முறையாகச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதால்தான் இந்த ஆட்களுக்கு இவ்வளவு துணிச்சல்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டைகளுக்கு மேலே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு மரச்சட்டம் செய்து, கட்டைக்கு ஒன்றாக 12 வோல்ட் சொலினாய்டு வையுங்கள், அதாவது கரண்ட் பாய்ந்ததும் கம்பியைக் கீழே தள்ளும் சுருள். பஜனைக்கு இரண்டு ஸ்தாயி போதும், 25 சுருளில் முடியும். கம்பி நுனியில் கம்பளித் துண்டு ஒட்டாவிட்டால் டக் டக் சத்தம்தான் பாட்டாகக் கேட்கும். ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) கட்டாயம், இல்லையென்றால் சுருளுக்கு ஸ்விட்ச் மாதிரி இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். பாட்டை மிடி கோப்பாக, அதாவது எந்தக் கட்டை எப்போது என்று குறித்த கணினிக் கோப்பாக வைத்து, ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகையில் ஓட்டலாம், அதை எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எந்தப் பிள்ளையும் செய்து தரும்.

காற்றுக்கு, பழைய வாகனத்து வைப்பர் மோட்டாரில் ஒரு கை மாட்டித் துருத்தியை ஆட்டுங்கள். வேக்குவம் கிளீனரைச் சொருகாதீர்கள், அந்த அழுத்தம் ரீடுக்கு மிக அதிகம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் கப்ளர் இருந்தால், ஒரு கட்டையை அமுக்கும்போது அடுத்த ஸ்தாயிக் கட்டையும் சேர்ந்து இறங்கும். அப்போது சுருளுக்குச் சுமை இரட்டிப்பு, சின்னச் சுருள் பாதியில் நின்றுவிடும், பாதி அமுங்கிய கட்டை ஈனமாக முனகும். கப்ளரை விலக்கிவிட்டுத்தான் சுருள் வாங்க வேண்டும். சில பழைய பெட்டிகளில் அது விலகாமல் சிக்கியிருக்கும், முதலில் அதை விடுவியுங்கள்.

எதற்கும் முன்னால், எந்தக் கட்டையையும் தொடாமல் காற்றடித்துவிட்டு உள் துருத்தியைக் கவனியுங்கள். சில விநாடியிலேயே இறங்கிவிட்டால், எங்கோ காற்றுக் கசிகிறது. அதை ஒட்டாமல் ஒரு மோட்டாரும் வாங்க வேண்டாம்.