துணைவேந்தர் இல்லாததுதான் நம் பல்கலைக்கழகங்களின் பணக் கஷ்டத்துக்குக் காரணமா?

கேள்வி: "தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் சம்பளம், பென்ஷன் கொடுக்கவே பணம் இல்லை என்கிறார்கள். ஆளுநருக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டையில் துணைவேந்தர் நியமனம் நின்றுபோனதுதான் காரணமா? இந்த நிலைமையில் மகளை அங்கே எம்.எஸ்ஸி. சேர்க்கலாமா?"

அந்தச் சண்டை நிலைமையை மோசமாக்கியது உண்மை. ஆனால் பணம் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அரசுக் கலைக் கல்லூரியில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் நேராகக் கருவூலத்திலிருந்து வரும். பல்கலைக்கழக ஊழியருக்கு அப்படி இல்லை. அரசு ஆண்டுதோறும் தொகுப்பு மானியம் என்று ஒரு தொகை தரும். அது சம்பளச் செலவைக்கூட முழுசாகத் தாங்காது. மீதியையும் பென்ஷனையும் பல்கலைக்கழகமே சம்பாதித்துக் கட்ட வேண்டும். துறைகளில் படிக்கும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. மாணவர்கள் கட்டும் பணம் ஆய்வகத்துக்கே போதாது. ஆக, உண்மையான வருமானம் இணைப்புக் கல்லூரி மாணவர்களின் தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி, இவ்வளவுதான். ஏதோ ஒரு ஊரில் பி.காம். படிக்கும் பையன் செமஸ்டருக்குக் கட்டும் தேர்வுக் கட்டணத்தில்தான் ஒரு தத்துவப் பேராசிரியரின் சம்பளமும் அடக்கம்.

இந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கும் அதுதான் பல்கலைக்கழகம். பிறகு 1966-ல் மதுரை, 1982-ல் பாரதியாரும் பாரதிதாசனும், 2002-ல் வேலூரில் திருவள்ளுவர். புதிதாக ஒன்று பிறக்கும்போது அந்தப் பக்கத்துக் கல்லூரிகளும் அவற்றின் கட்டணமும் அங்கே போய்விடும். ஊழியர்களும் ஓய்வூதியர்களும் பழைய இடத்திலேயே இருப்பார்கள். புதுப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலூர் பிள்ளைகள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சேப்பாக்கம் ஓடிக்கொண்டிருந்தது அநியாயம்தான். ஆனால் பிரிக்கும்போது பென்ஷன் பொறுப்பு யாருக்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அப்புறம் பெரிய கல்லூரிகள் தன்னாட்சி வாங்கின. தேர்வை அவர்களே நடத்துகிறார்கள், தேர்வுக் கட்டணமும் அவர்களுக்கே. பட்டத்தில் பெயர் மட்டும் பல்கலைக்கழகத்துடையது.

தொலைநிலைக் கல்வியின் கதைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. இணைவேந்தர் பதவி அந்தக் குடும்பத்திலேயே இருந்தது, அரசு மானியமும் வந்தது. தொலைநிலைக் கல்வி மையங்கள் நாடெங்கும் பரவி, பணம் கொட்டிய காலத்தில் ஆட்களை எடுத்துக்கொண்டே போனார்கள். ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. 2012 கடைசியில், சம்பளத்தைக் குறைத்தால்தான் சமாளிக்க முடியும் என்று நிர்வாகமே சொல்லும் நிலை வந்து போராட்டம் வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது, அதே ஆண்டு தனிச்சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் அரசு ஏற்ற பிறகும் பழைய கட்டணமே என்று மாணவர்கள் போராடி, 2021-ல்தான் அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. இதற்கிடையில் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கறாராகச் சொல்ல, எல்லாருக்கும் அந்த வருமானம் சுருங்கியது.

விழுப்புரத்தில் 2021 பிப்ரவரியில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஆட்சி மாறியதும் ஆகஸ்டில் அதை அண்ணாமலையோடு இணைத்துவிட்டார்கள். அரசியல் காரணம் எல்லாருக்கும் தெரியும். நிதிப் பிரிவுக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. அதுவரை இணைப்புக் கல்லூரியே இல்லாத அண்ணாமலைக்கு நான்கு மாவட்டக் கல்லூரிகள் கிடைத்தன. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கல்லூரிகளை இழந்தது திருவள்ளுவர்.

இனி வருமான வரி. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஏது வரி என்று அப்போது பலர் கேட்டார்கள். சட்டம் இதுதான்: அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. கணிசம் என்றால் எவ்வளவு என்பதற்கு ஒரு விதி இருக்கிறது, மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மானியம் குறைந்தது, பல்கலைக்கழகம் எப்படியோ சொந்தமாகப் பணம் திரட்டி ஓட்டியது, அதனாலேயே மானியத்தின் பங்கு பாதிக்குக் கீழே போனது. உடனே நீ அரசு நிறுவனம் இல்லை, வரியைக் கட்டு என்றார்கள். மாநில அரசு கொடுக்காததற்கு மத்திய அரசு அபராதம் கேட்ட மாதிரி. நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் இது வந்திருக்கும்.

மானியம் ஏன் குறைந்தது என்றால் அரசு கைகாட்டுவது தணிக்கை ஆட்சேபணைகளை. பல்கலைக்கழகங்களைத் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அனுமதி வாங்காத நியமனம், தகுதியில்லாமல் கொடுத்த ஊதிய உயர்வு என்று அவர்கள் எழுதுவதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும். மீதி எப்படி என்றால், விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஒரு பேராசிரியர் முன்பணம் வாங்கியிருப்பார். ரசீதுகள் ஏதோ ஒரு பீரோவில் கிடக்கும், சரிக்கட்டியிருக்க மாட்டார்கள். அவர் ஓய்வு பெற்று, காலமும் ஆகியிருப்பார். ஆட்சேபணை மட்டும் வருடா வருடம் புது எண்ணோடு திரும்பி வரும். எங்கள் பிரிவில் இதற்கென்றே தனி அலமாரி இருந்தது. அதைத் தீர்த்தால்தான் நிலுவை மானியம் என்பார்கள், தீர்க்க ஆள் கேட்டால் புதுப் பணியிடம் கிடையாது என்பார்கள்.

சரி, துணைவேந்தர் விஷயத்துக்கு வருவோம். அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டப்படி ஆளுநர்தான் வேந்தர், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். மூன்று பேர் கொண்ட தேடுதல் குழு பெயர்களைக் கொடுக்கும், வேந்தர் ஒருவரை நியமிப்பார். 2022 ஏப்ரலில் அந்த அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. தேடுதல் குழுவில் யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டும் என்று அவர், வேண்டாம் என்று அரசு. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இது உட்பட நிலுவையில் இருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21-ல் துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு, கருதப்படும் ஒப்புதல் என்பதே அரசமைப்பில் இல்லை என்று கருத்துச் சொன்னது. அது கருத்துதான், ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு இல்லை.

இத்தனை காலமும் துணைவேந்தர் இல்லாத இடங்களை ஒருங்கிணைப்புக் குழு நடத்துகிறது. அதன் தலைவர் பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலாளர். பட்டச் சான்றிதழிலேயே அவர் கையெழுத்து வந்தபோது மாணவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் தேவையில்லை, சட்டப்படி செல்லும். எனக்குக் கவலை வேறு. பல்கலைக்கழகத்தின் சார்பில் நிதி கேட்டுக் கடிதம் எழுதுபவரும், கோட்டையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்பவரும் ஒரே ஆள். அவர் தனக்குத்தானே எவ்வளவு கடுமையாக எழுதிக்கொள்வார்?

அதற்காக நாற்காலி நிரம்பியிருந்த காலம் பொற்காலம் என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பணி நியமனத்துக்கு லஞ்சம் வாங்கிய புகாரில் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சிக்கினார். அதே ஆண்டு ஜூனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனமே செல்லாது என்றது உயர் நீதிமன்றம். அக்டோபரில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோஹித், இந்தப் பதவிகளுக்குக் கோடிகள் கைமாறுகின்றன என்று மேடையிலேயே பேசினார். வேந்தரே அப்படிச் சொன்ன பிறகு கீழே இருப்பவன் என்ன சொல்ல? பணம் கொடுத்து வந்தவர் அதை எடுக்கத்தான் பார்ப்பார். எடுப்பதற்கு வழி, பணி நியமனமும் கல்லூரி இணைப்பும்.

இணைப்பில் என்ன நடக்கும் என்பதற்கு அண்ணா பல்கலைக்கழகம். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட புகாரில், ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தது. ஆய்வுக் குழுக்கள் போய்ப் பார்த்து அனுமதி கொடுத்த கல்லூரிகள் அவை. இணைப்புக் கல்லூரிகளின் கட்டணத்தை நம்பி வாழும் ஒரு பல்கலைக்கழகம் அதே கல்லூரிகளை மூடச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

உங்கள் மகள் விஷயம். துறையில் நேராகப் படிக்கும் எம்.எஸ்ஸி. என்றால் சேர்க்கலாம், பட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை, கட்டணமும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைவிட மிகக் குறைவு. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் அந்தத் துறைக்கே நேரில் போங்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், தற்காலிக விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அடுத்த இரண்டு வருடத்தில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று கேளுங்கள். ஆட்கள் எடுக்காமல் பாதித் துறைகள் காலியாகக் கிடக்கின்றன. ஆய்வகத்தில் வேதிப்பொருள் வாங்கக் காசு இருக்கிறதா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். தொலைநிலையில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் இணையப் பட்டியலில் நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மையத்தில் இருப்பவர் இருக்கிறது என்றுதான் சொல்வார்.