மங்கிய பக்கங்கள் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். புறநானூறு முழுவதும் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் எழுத்து வடிவில் இருக்கிறது. செல்பேசியில் தேடினால் வேண்டிய பாட்டு உடனே வந்துவிடுகிறது. அப்படியிருக்க 1894 புறநானூறு போன்ற பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வலையேற்றுவது எதற்கு? எழுத்து மங்கல், கோப்பும் பெரிது. அந்தப் பணத்தில் வேறு நூல்களைத் தட்டச்சு செய்யலாமே?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

மதுரைத் திட்டத்துக்கு நானும் கடன்பட்டவன். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த வேலையைத் தன்னார்வலர்கள் பைசா வாங்காமல் செய்தார்கள். பாட்டைத் தேடிப் படிக்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் பாட்டு நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த மங்கிய பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் சொன்ன 1894 புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா.வின் பதிப்பு ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தெந்த ஏட்டுப் பிரதிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்று முகவுரையில் சொல்லியிருப்பார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பிரதிபேதம்: இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி. புறநானூற்றின் பிற்பகுதியில் பல பாடல்கள் சிதைந்தவை. அங்கே வரிக்கு நடுவே புள்ளிகள் ஓடும். ஏடு செல்லரித்த இடம் அது. தனக்குத் தோன்றிய சொல்லை அங்கே போட்டு அவர் நிரப்பவில்லை. பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 267, 268 இரண்டும் கிடைக்கவே இல்லை. மலிவுப் பதிப்புகளில் முகவுரையும் அடிக்குறிப்பும்தான் முதலில் கழற்றப்படும். தட்டச்சு செய்யும்போது புள்ளிகள் கூடலாம், குறையலாம். மூலப் பக்கம் கைவசம் இருந்தால்தானே சரிபார்க்க முடியும்?

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பழைய பத்திரிகையைப் பார்க்க ராத்திரி பஸ் பிடித்து ஒரு நூலகத்துக்குப் போனேன். கடிதம் கொண்டுவா என்றார்கள். கொண்டுபோனேன். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள், நகல் எடுக்க அனுமதி இல்லை. புரட்டப் புரட்டத் தாளின் ஓரம் அப்பளம் மாதிரி உடைந்து மடியில் விழுந்தது. அன்றைக்கு என் கையாலேயே அது கொஞ்சம் அழிந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. இன்றைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறக்க யாருடைய கடிதமும் வேண்டாம். தென்காசியிலிருந்தும் திறக்கலாம், டொரண்டோவிலிருந்தும் திறக்கலாம். தாளும் உடையாது.

ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. பழைய நூல்களின் முகப்பில் சில சமயம் 'ஜய வருஷம்' என்று மட்டும் இருக்கும். ஜய 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1894ஆ, 1954ஆ? தாளையும் அச்செழுத்தையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் பார்த்து ஒருவர் முடிவு செய்து அட்டவணையில் ஏற்ற வேண்டும். 'ஜீவக சிந்தாமணி' என்று தேடுகிறவருக்கும் 'சீவகசிந்தாமணி' என்று தேடுகிறவருக்கும் ஒரே நூல் வந்து நிற்க வேண்டும். பெயர் தெரியாத நூலகர்கள் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்குத்தான் பணம் போதவில்லை என்பது என் எண்ணம். ஸ்கேனர் வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2005இல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்க 'நூலகம்' திட்டம் தொடங்கியது. ஊர்க் கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று யாரும் நூலாக எண்ணாத தாள்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். அவற்றைத் தட்டச்சு செய்து முடிக்கிறவரை காத்திருந்தால் பாதி கரையானுக்குப் போய்விடும். ஸ்கேன் செய்வதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

உங்கள் வகுப்பில் ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்: மதுரைத் திட்டத்தின் பாட்டு, பழைய பதிப்பில் அதே பாட்டின் பக்கம். சிதைந்த பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.