அமெரிக்காவுல ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் செக்ரைடுக்குத் தேதி கிடைக்க ஏன் இவ்ளோ நாளாகுது?

செக்ரைடுன்னா, விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்க உங்களுக்குத் தகுதி இருக்கான்னு தேர்வாளர் முதல்ல உக்காந்து கேள்வி கேட்டு, அப்புறம் கூடவே பறந்து பாக்குற பரீட்சை. தேர்வாளர், விமானம், வானிலை மூணும் ஒரே நாள்ல கூடி வரணும், அதான் இழுக்குது. எங்க காரைக்குடிப் பக்கம் முகூர்த்தம் குறிச்ச கையோட சமையல்காரரைப் பிடிச்சிருவாங்க, வைகாசி பொறந்தப்புறம் தேடினா நல்ல ஆள் சிக்கவே மாட்டார், இதுவும் அப்படித்தான். அதனால பயிற்சி நடக்கும்போதே தேதி கேட்டு வைங்க, எழுத்துத் தேர்வு ரிசல்ட் 24 மாசம்தான் செல்லும், கடைசி 2 மாசத்துக்குள்ள பயிற்சி எடுத்ததுக்கு ஆசிரியர் கையெழுத்து வேணும், ஸ்பின், அதாவது விமானம் சுழன்டுக்கிட்டே கீழ இறங்குறதுலருந்து மீள்ற பயிற்சிக்கான கையெழுத்தும் இருக்கான்னு பறந்த கணக்கு எழுதுற லாக்புக்கைப் புரட்டிப் பாத்துருங்க. மழையால பாதியில நின்னா ஃபெயில்னு நிறையப் பேர் பயப்படுறாங்க, அப்படி இல்லவே இல்ல, ஒரு கடிதம் கொடுப்பாங்க, பாஸான பகுதி 60 நாளைக்குச் செல்லும்.