அம்மாவின் ஆஸ்பிரின்: இரண்டு டாக்டர்கள், இரண்டு பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. பெரம்பூரில் என்னோடு இருக்கிறார். வெகுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. இதயத்துக்குப் பாதுகாப்பு என்று பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். இப்போது பார்க்கும் குடும்ப டாக்டர், நிறுத்திவிடலாம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் மீதும் சந்தேகம் வேண்டாம். சர்க்கரை நோய் என்றாலே ஆஸ்பிரினையும் சேர்த்து எழுதுவது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். 2018-இல் வெளியான பெரிய ஆய்வுகள் அந்த வழக்கத்தை உரசிப் பார்த்தன. புதிய டாக்டர் அவற்றை வைத்துப் பேசுகிறார்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு இந்தப் பதில் பொருந்தவே பொருந்தாது. அவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. இதைப் படித்துவிட்டு அவர்கள் ஒரு நாள்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது.

'ஆஸ்பிரின் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்டால் எந்த ஆய்விலும் பதில் கிடைக்காது. 70 வயதைத் தாண்டிய, சர்க்கரை நோய் உள்ள, இதய நோய் வராத ஒருவருக்கு அதனால் வரும் நன்மை பெரிதா, ரத்தக்கசிவு பெரிதா என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்த அசெண்ட் ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகள் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஆஸ்பிரினால் 12 சதவீதம் குறைந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே ஆயிரம் பேருக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 96 பேருக்கு வந்தது, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 85 பேருக்கு வந்தது. தப்பியவர்கள் 11 பேர். பெரிய ரத்தக்கசிவோ 32 பேரிலிருந்து 41 பேராக ஏறியது. வரவும் செலவும் ஏறக்குறையச் சமம்.

அவர்களின் சராசரி வயது 63. உங்கள் அம்மாவின் வயதுக்காரர்களை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் பார்க்கலாம். 19,114 பேர், பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்கள். இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு கூடியது. 2022-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 60 வயதைக் கடந்தவர்கள் முதல் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுப்பதற்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது.

'அவர்கள் வெள்ளைக்காரர்கள், நமக்கு இதய நோய் சீக்கிரமே வருகிறதே?' என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. இரண்டு ஆய்விலும் பெரும்பாலோர் வெள்ளையர்தான். ஆகவே எண்களை அப்படியே சென்னைக்கு இறக்கிவிட முடியாது. ஆனாலும் 72 வயதில் ரத்தக்கசிவின் அபாயம் எல்லா ஊரிலும் ஏறுகிறது. ரத்த அழுத்தத்தையும் கெட்ட கொழுப்பையும் கட்டுக்குள் வைத்தால் கிடைக்கும் பாதுகாப்பு ஆஸ்பிரின் தருவதைவிடப் பெரிது. அம்மாவின் சீட்டில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

என்னிடம் வரும் பெரியவர்களை மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொல்வேன். வழக்கமான அட்டைகளுக்கு நடுவே, பெயர் அச்சான பகுதி போய், கத்தரித்துக் கொடுத்த நாலு மாத்திரை கிடக்கும். 'முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கினது' என்பார்கள். பெரும்பாலும் டைக்ளோஃபினாக். ஆஸ்பிரினோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். அது பையில் கிடக்கிறதா என்பதை எந்த ஆய்வும் சொல்லாது, பையைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவின் பையையும் இன்றே கொட்டிப் பாருங்கள். வயிற்றுப்புண் இருந்ததா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், நானும் நிறுத்தும் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அம்மாவை நேரில் பார்ப்பவர் உங்கள் டாக்டர். 'இவரைப் போன்ற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குக் கேடு?' என்று அவரிடம் கேளுங்கள். அம்மாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள். பக்கவாதத்துக்கு அவர் அதிகம் அஞ்சுகிறாரா, ரத்தக்கசிவுக்கா என்பதை அவரே சொல்லட்டும். முடிவாகும் வரை மலம் தார் போல் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதைச் சாப்பிடுகிறார் என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள்.