பணிக்கொடையில் ரெக்கவரி: எதில் கையெழுத்துப் போட்டீர்கள்?

கேள்வி: அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகிறது. 2009-ல் எனக்குச் செய்த ஊதிய நிர்ணயம் தவறு என்று தணிக்கையில் எழுதிவிட்டார்களாம். ₹3.40 லட்சத்தைப் பணிக்கொடையில் பிடிக்க உத்தரவு வந்திருக்கிறது, ஓய்வூதியத்தையும் குறைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டது அலுவலகம், தண்டனை எனக்கா? என்னோடு சேர்ந்தவருக்கு உத்தரவே வரவில்லை. கேட்கப் போனால் கண்காணிப்பாளர் மரியாதை இல்லாமல் பேசுகிறார்.
- ஒரு வாசகி

பதில்: அம்மா, கண்காணிப்பாளர் பேசிய பேச்சு வழக்கில் ஒரு வரிகூடப் பெறாது. உடன் சேர்ந்தவரின் கதையும் அப்படித்தான். அவருக்கும் உத்தரவு அனுப்பிவிட்டால் உங்களுக்கு என்ன லாபம்? எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்த ஊதிய நிர்ணயத்தின்போது, 'கூடுதலாகப் பெற்றது தெரியவந்தால் திருப்பிச் செலுத்துகிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தீர்களா?

கொடுக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் பலமானது. ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரெக்கவரி, அதாவது கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது, கூடாத இனங்களைச் சொல்லியிருக்கிறது. 'சி', 'டி' பிரிவு ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதல் தொகை பெற்றுவந்தவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். நீங்கள் பொய்த் தகவல் எதுவும் கொடுத்திராதபட்சத்தில், ஒன்றுக்கு மூன்றாக உங்களுக்குப் பொருந்துகிறது.

உறுதிமொழி கொடுத்திருந்தால் கதை வேறு. 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், உறுதிமொழி கொடுத்தவர் ஓய்வுபெற்றவர் என்பதற்காக மட்டும் தப்ப முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுத் தவணை. ஊதியத் திருத்தத்தின்போது நிரப்பும் விருப்பப் படிவத்தோடு அந்த உறுதிமொழியும் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். நினைவில் இல்லை என்றால், பணிப்பதிவேட்டோடு அந்தப் படிவத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இனி, என்னிடம் வருபவர்கள் விழும் குழி. பணிக்கொடையை நிறுத்தி வைத்திருக்கும்போது அலுவலகத்தில் யாராவது பரிவோடு ஒரு தாளை நீட்டுவார்கள். 'குடும்பச் சூழ்நிலை கருதி மேற்படி தொகையைத் தவணைகளில் பிடித்தம் செய்துகொள்ளப் பணிவுடன் வேண்டுகிறேன்' என்று தட்டச்சு செய்தே வைத்திருப்பார்கள். மீதிப் பணம் சீக்கிரம் வருமே என்று கையெழுத்துப் போடுவீர்கள். அப்புறம் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் வேறெதுவும் பேசமாட்டார். அந்தத் தாளைக் காட்டி, 'மனுதாரரே சம்மதித்திருக்கிறார்' என்று உட்கார்ந்துவிடுவார். 2009-ல் நீங்கள் கொடுக்காத உறுதிமொழியை இன்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். மீதித் தொகை வாங்க ரசீதில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால், 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேராசை. பழைய பணத்தைப் பிடிப்பது வேறு, இனி வரும் ஓய்வூதியத்தைச் சரியான அளவுக்குக் குறைப்பது வேறு. ரஃபீக் மசீ தீர்ப்பு முதலாவதைத்தான் தடுக்கிறது. நிர்ணயம் விதிப்படி உண்மையிலேயே தவறு என்றால் குறைப்பு நிற்கும். இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்த்தால், நிர்ணயம் சரியா தவறா என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பணிக்கொடையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதலில் விதி தெரிந்த ஒருவரிடம் கணக்கைக் காட்டுங்கள். தவறுதான் என்று அவர் சொன்னால் குறைப்பை விட்டுவிட்டு, ரெக்கவரியை மட்டும் ரிட் மனுவில் (அரசு உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) எதிர்த்துக் கேளுங்கள். விளக்கம் கேட்காமலே உத்தரவு போட்டிருந்தால் அதையும் சேருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பினால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதே உத்தரவை மறுபடி போடுவார்கள்.

2009 படிவத்தில் உங்கள் கையெழுத்தோடு உறுதிமொழி தெளிவாக இருந்தால், வழக்குச் செலவு வேண்டாம் என்பதே என் யோசனை. அப்போது மட்டும் தவணை கேளுங்கள். கேட்கும் கடிதத்தை அவர்கள் தட்டச்சு செய்யக்கூடாது, நீங்கள் எழுதுங்கள். ஒட்டுமொத்தமாகப் பிடிக்காமல் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பிரிக்கச் சொல்லுங்கள்.