பிஎம்எக்ஸ் பாகம் எது எந்த ஃபிரேமுக்குப் பொருந்தும் என்று வேர்ட்பிரஸில் தேட வைப்பது எப்படி?

கேள்வி: வேர்ட்பிரஸ் ஓரளவு தெரியும், பிஎம்எக்ஸும் (சாகசத்துக்கும் ரேஸுக்குமான சின்னச் சக்கர சைக்கிள்) ஓட்டுகிறேன். உதிரி பாகங்களுக்குத் தமிழில் ஒரு தளம் அமைக்கிறேன். தன் ஃபிரேமுக்கு இந்தப் பாகம் பொருந்துமா என்று வாசகர் தேடிப் பார்க்க முடிய வேண்டும். பதிவுகளுக்கு டேக் போட்டால் போதுமா?

பதில்: போதாது. டேக்கில் ஆரம்பித்தால் ஒருவர் "14 எம்எம்" என்று போடுவார், இன்னொருவர் "14மிமீ அச்சு" என்பார். வேர்ட்பிரஸுக்கு அவை இரண்டு தனி டேக்குகள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 14 எதனுடைய அளவு என்று டேக் சொல்லாது. பின் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) அச்சும் 14, பெக்கின் (அச்சில் மாட்டி நிற்கும் குழாய்) துளையும் 14.

எந்தப் பிளகினையும் நிறுவுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பிஎம்எக்ஸ் அளவுகளை இரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள். ஒன்று, பொருந்தும் அல்லது பொருந்தாது என்று தீர்ந்துவிடுகிற ஸ்டாண்டர்டுகள்: பாட்டம் பிராக்கெட் (பெடல் மாட்டும் கிராங்க் சுழல்கிற பேரிங் தொகுதி) வகை, அச்சு விட்டம், ஹேண்டில்பார் கிளாம்ப், சீட் போஸ்ட் வகை, பெடல் மரை, டிரைவர் (பின் ஹப்பில் செயின் ஓடும் பல்சக்கரம்) எந்தப் பக்கம். மற்றது, கூடலாம் குறையலாம் என்கிற அளவுகள்: டாப் டியூப் (ஃபிரேமின் மேல் குழாய்) நீளம், செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) நீளம், பார் உயரம், எடை. முதல் வகைக்கு டாக்ஸானமி (பதிவுகளை வகைப்படுத்தும் தொகுப்பு; அதிலுள்ள ஒவ்வொரு வகையும் ஒரு டெர்ம்), இரண்டாவதற்குக் கஸ்டம் ஃபீல்டு (பதிவோடு சேமிக்கும் தனி மதிப்பு). இந்தப் பிரிவினை சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

"ஃபிரேம்", "பாகம்" என்று இரண்டு கஸ்டம் போஸ்ட் டைப் (நாமே உருவாக்கும் பதிவு வகை) போதும். அவற்றைத் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுத வேண்டாம், சின்னதாகத் தனிப் பிளகின் எழுதி அதில் வையுங்கள். தீமில் வைத்தால், தீம் மாற்றிய அன்றே அட்மினில் எல்லாப் பாகமும் காணாமல் போகும். தரவு டேட்டாபேஸில் இருக்கும், ஆனால் எட்டாது. போஸ்ட் டைப்பின் கீ ஆங்கிலச் சிற்றெழுத்தில், 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பதிவு செய்ததும் செட்டிங்ஸில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து ஒருமுறை சேமியுங்கள், இல்லையென்றால் பாகங்களின் பக்கமெல்லாம் 404 காட்டும்.

டாக்ஸானமிகளை ஹைரார்க்கிக்கலாகப் பதிவு செய்யுங்கள். தாய், சேய் பிரிவுகள் தேவைப்படும் என்பதற்காக அல்ல. அப்படிச் செய்தால் எடிட்டரில் டிக் அடிக்கும் பெட்டிகளாக வரும், யாரும் தன் இஷ்டத்துக்குத் தட்டச்சு செய்ய முடியாது. புதிய டெர்ம் சேர்க்கும் உரிமையும் எடிட்டருக்கும் அட்மினுக்கும் மட்டுமே இருக்கும்.

பாட்டம் பிராக்கெட்டில்தான் வாசகர்கள் அதிகம் தடுமாறுவார்கள், அதனால் அதை முதலில் முடியுங்கள். நான்கு வகை புழக்கத்தில் உண்டு. கிராங்கைக் கழற்றி பேரிங்கை எடுத்துவிட்டு, ஃபிரேமின் ஷெல்லுக்குள் (பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாய்) வெர்னியர் வைத்து உள்விட்டம் பார்த்தால் தெரிந்துவிடும். சுமார் 51 மிமீ என்றால் அமெரிக்கன், 41 என்றால் மிட், 37 என்றால் ஸ்பானிஷ். உள்ளே மரை இருந்தால் யூரோ. இப்போதைய ஃப்ரீஸ்டைல் ஃபிரேம்களில் பெரும்பாலும் மிட்தான். ஒரு பீஸ் கிராங்க் (இரு கைகளும் நடு அச்சும் ஒரே துண்டு) வருகிற விலை குறைந்த சைக்கிள்களில் அமெரிக்கன்.

இதில் கவனிக்க வேண்டியது, பாட்டம் பிராக்கெட் இரண்டு பக்கம் பொருந்த வேண்டிய பாகம். வெளியே ஷெல்லோடும் உள்ளே கிராங்கின் நடு அச்சான ஸ்பிண்டிலோடும் சேர வேண்டும். ஸ்பிண்டில் 19, 22, 24 மிமீ என்று மூன்று அளவில் வருகிறது. "மிட் பிபி" (பிபி என்றால் பாட்டம் பிராக்கெட்) என்று மட்டும் போட்டு வைத்தால், 19 ஸ்பிண்டில்காரர் 22 பேரிங்கை வாங்கி வந்து ஆட்டம் கொடுக்கிறது என்று எழுதுவார். எனவே ஷெல் வகைக்கு ஒரு டாக்ஸானமி, ஸ்பிண்டில் விட்டத்துக்கு இன்னொன்று. பெடலும் இப்படித்தான்: மூன்று பீஸ் கிராங்குக்கு 9/16 மரை, ஒரு பீஸ் கிராங்குக்கு 1/2. பொருந்தாத பெடலை அழுத்தித் திருகினால் கிராங்கின் மரை போய்விடும், பிறகு ஓட்டும்போது பெடல் கழன்று விழும். உங்கள் தளத்தை நம்பி வாங்குகிறவருக்கு அது நடக்கக் கூடாது.

அடுத்தது, பொருத்தம் எப்போதும் இரு வழிப் பாதை அல்ல. பின் டிராப்அவுட் (ஃபிரேமில் சக்கர அச்சு உட்காரும் வெட்டு) 14 மிமீ என்றால், 10 மிமீ அச்சு உள்ள சக்கரத்தை அடாப்டர் வாஷரோடு போட்டுவிடலாம். திருப்பிப் போட முடியாது. 10 மிமீ டிராப்அவுட்டை அரம் போட்டு அகலப்படுத்தினால் ஃபிரேமின் பலம் அந்த இடத்தில்தான் குறையும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மும் அதே மாதிரி. 25.4 கிளாம்பில் 22.2 பாரை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துப் பிடிக்கலாம், 22.2 கிளாம்பில் 25.4 பார் நுழையாது.

இதற்கு டெர்ம் மெட்டா (டெர்மோடு சேமிக்கும் கூடுதல் தகவல்) இருக்கிறது, 2015இல் வந்த வேர்ட்பிரஸ் 4.4 பதிப்பிலிருந்தே உண்டு. ஃபிரேம் பக்கத்து டெர்ம் ஒவ்வொன்றுக்கும் "ஏற்கும்" என்று ஒரு மெட்டா வைத்து, அது ஏற்றுக்கொள்கிற பாகங்களின் டெர்ம்களை அதில் எழுதுங்கள். அடாப்டரோ ஷிம்மோ தேவைப்படுவதைத் தனியாகக் குறித்துவிட்டால், முடிவுப் பக்கத்தில் "அடாப்டர் தேவை" என்று காட்டலாம்.

தேடல் இப்படி ஓடும்: வாசகர் ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கிறார், அதன் டெர்ம்களிலிருந்து ஏற்கும் பட்டியலை எடுக்கிறீர்கள், அதை டாக்ஸ் குவெரிக்குக் (டாக்ஸானமி வழியான தேடல்) கொடுக்கிறீர்கள். இங்கே பலரும் எல்லா டாக்ஸானமியையும் "ஆண்ட்" போட்டு இணைத்துவிட்டு, ஏன் ஒன்றுமே வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பின் ஹப்புக்குப் பாட்டம் பிராக்கெட் வகை என்று எதுவும் கிடையாது. அந்த நிபந்தனையில் எல்லா ஹப்பும் கழிந்துபோகும். ஹப் என்றால் அச்சும் டிரைவர் பக்கமும், பிபி என்றால் ஷெல்லும் ஸ்பிண்டிலும் என்று பாக வகைக்கு ஒரு சின்னப் பட்டியலைப் பிளகினில் எழுதி, அந்தந்த டாக்ஸானமியை மட்டும் கேளுங்கள்.

இனி நீளங்கள். டாப் டியூப் 20.5, 20.75, 21 இஞ்ச் என்று கால் இஞ்ச் வித்தியாசத்தில் வரும், ஓட்டுகிறவருக்கு அந்தக் கால் இஞ்ச் நன்றாகவே தெரியும். ஆனால் மெட்டா குவெரியில் (கஸ்டம் ஃபீல்டு வழியான தேடல்) டைப்பை "நியூமரிக்" என்று கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதை முழு எண்ணாக மாற்றிக் கேட்கும்; 20.5, 20.75 இரண்டுமே 20 ஆகிவிடும். வெறுமனே "டெசிமல்" என்று கொடுத்தாலும் புள்ளிக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. "டெசிமல்(6,2)" என்று இலக்கங்களோடு கொடுங்கள். ஃபீல்டில் எண் மட்டும் இருக்கட்டும், "20¾" என்று யாராவது உள்ளிட்டால் டேட்டாபேஸ் அதை 20 என்றுதான் படிக்கும். மெட்டா மதிப்புக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கிடையாது, ஒவ்வொரு நிபந்தனைக்கும் டேட்டாபேஸ் டேபிளை இணைக்கும் ஒரு ஜாயின் கூடும். மூன்று நான்கு வரை தாங்கும், அதற்கு மேல் ஃபில்டர் வைக்காதீர்கள்.

டயருக்கு "20 இஞ்ச்" என்ற ஃபீல்டே வேண்டாம். ஃப்ரீஸ்டைலில் வரும் 20×2.3, 20×2.4 எல்லாம் 406 மிமீ ரிம்மில் உட்காரும். சிறுவர்களும் எடை குறைந்தவர்களும் ரேஸில் ஓட்டுகிற 20×1-1/8 டயர் 451 ரிம்மில் உட்காரும். இரண்டுக்கும் பெயர் 20 இஞ்ச்தான், ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 406 அல்லது 451 என்ற எண்ணை டாக்ஸானமியாக வையுங்கள்.

கியர் விகிதத்தை யாரும் கையால் எழுத வேண்டாம். ஸ்ப்ராக்கெட் (முன் பல்சக்கரம்) பல், டிரைவர் பல் இரண்டையும் வாங்கிக்கொண்டு சேமிக்கும்போதே வகுத்து ஒரு ஃபீல்டில் போட்டுவிடுங்கள். 25÷9 என்றால் 2.78, பழைய 44÷16 என்றால் 2.75. ஓட்டும்போது கிட்டத்தட்ட ஒரே உணர்வுதான். சின்ன ஸ்ப்ராக்கெட் தரையிலும் கம்பியிலும் இடிக்காது, எடையும் குறைவு. பதிலுக்குச் செயினில் இழுவிசை கூடும், தேய்மானமும் சீக்கிரம் வரும். 9 பல் வேண்டுமென்றால் ஹப் கேசட் (டிரைவர் ஹப்போடு சேர்ந்தது) வகையாகவோ ஃப்ரீகோஸ்டராகவோ (பின்னோக்கி உருளும்போது பெடல் சுழலாதது) இருக்க வேண்டும். ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீலில் அவ்வளவு சிறிய பல் கிடைக்காது.

தமிழ்த் தளம் என்பதால் இன்னொன்று. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உண்டாக்கும் ஸ்லக்குக்கு (பதிவின் முகவரியில் வரும் பெயர்) 200 எழுத்து இடம். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வரும். ஆக 22 குறிதான் கொள்ளும். "பின் சக்கர ஹப் பேரிங் மாற்றுவது எப்படி" என்ற தலைப்பின் ஸ்லக் "பின்-சக்கர-ஹப்-பேரிங்-மாற" என்று வெட்டுப்பட்டு நிற்கும். அதைப் போலத் தொடங்கும் அடுத்த பதிவுக்கு அதே ஸ்லக்கோடு 2 என்று ஒட்டிக்கொள்ளும். வெளியிடுவதற்கு முன்பே ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டச்சு செய்யுங்கள், டெர்ம்களுக்கும் அப்படியே.

பாகத்தின் படத்தில் வெர்னியரும் சேர்ந்து தெரியட்டும், பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண் வாசிக்கும்படி இருக்கட்டும். 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பு முதல் தானே சுருக்கிவிடும், ஆனால் அசலையும் சர்வரில் வைத்திருக்கும். போன் படங்களை 2000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்த பிறகு ஏற்றினால் இடம் மிச்சம்.

பின்னால் விற்பனையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் விற்பனைக்கான வூகாமர்ஸ் பிளகின் போடலாம். அதன் பொது ஆட்ரிபியூட்டுகள் உள்ளே டாக்ஸானமிகளே, மேலே சொன்ன பிரிவினையை அப்படியே எடுத்துப் போகலாம்.

அளந்து பார்க்காத எந்த விவரத்தையும் ஊகித்து நிரப்பாதீர்கள். டெர்ம் இல்லாத பாகம் தேடலில் வராது, அது சரியான நடத்தைதான். "அளவு உறுதியில்லை" என்று ஒரு டெர்ம் வைத்து அதை எந்த ஃபிரேமின் ஏற்கும் பட்டியலிலும் சேர்க்காமல் விட்டால், அளக்க வேண்டிய பாகங்கள் அட்மினில் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, வெர்னியரோடு உட்கார்ந்து தீர்த்துவிடலாம்.