வாசகர் கேள்விகள்: ஜெர்மனிக்குப் போகிறவர் பையில் சில்லறை எதற்கு?

கேள்வி: என் மகன் மேற்படிப்புக்காக அடுத்த மாதம் ஜெர்மனி போகிறான். "எல்லாவற்றுக்கும் கார்டு போதும், ரொக்கம் வேண்டாம் அம்மா" என்கிறான். அவன் சொல்வது சரியா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: சரியில்லை, அம்மா. கொஞ்சம் யூரோ நோட்டுகளைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள்.

2009இல் ஷ்டுட்கார்ட்டில் வந்து இறங்கிய மறுநாள் காலை, நல்ல பசியோடு தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போனேன். வெண்ணெய் தடவிய பிரெட்சல் ஒன்று கேட்டேன். காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் கிரெடிட் கார்டை நீட்டியதும், கடைக்கார அம்மாள் தலையை அசைத்துவிட்டுப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உங்கள் மகனுக்கு அப்படி ஒரு காலை வரக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு நிலைமை நிறைய மாறியிருப்பது உண்மைதான். ஆனாலும் ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் 2023இல் எடுத்த கணக்கில், அன்றாடம் மக்கள் பணம் கொடுத்த நூறு தடவைகளில் 51 தடவை ரொக்கம்தான். 2017இல் அது 74. கார்டு வாங்கும் சின்னக் கடைகளிலும் சில, 'கிரோகார்டு' என்னும் உள்ளூர் வங்கி அட்டையை மட்டுமே ஏற்கும். கிரெடிட் கார்டுக்குக் கடைக்காரர் கட்ட வேண்டிய கட்டணம் அதிகம் என்பது முக்கியக் காரணம். அந்த அட்டை, அங்கே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் கிடைக்கும். அதுவரை நோட்டும் நாணயமும்தான் துணை. பல பல்பொருள் அங்காடிகளில் தள்ளுவண்டியை எடுக்கவே ஒரு யூரோ நாணயத்தைச் செருக வேண்டும்.

ரொக்கத்தின் மீது இந்த மக்களுக்கு இருக்கும் பிடிப்பு எனக்குப் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தையல் பெட்டியில், யூரோவுக்கு முன் ஜெர்மனியில் புழங்கிய பழைய பணமான மார்க், 200 கிடைத்தது. யூரோ நோட்டுகள் 2002இலேயே வந்துவிட்டன. இருந்தும் இருவரும் புண்டெஸ்பாங்க் கிளைக்குப் போனோம். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற அதே பழைய விகிதத்தில் 102 யூரோ 26 செண்ட் எண்ணிக் கொடுத்தார்கள். இதற்குக் கெடு தேதியே கிடையாது.

கேள்வி: என் மகள் பெர்லினில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மின்சார நிறுவனம் அவளுடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு, "மாதாமாதம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறதாம். கையெழுத்துப் போடலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் போடலாம். அதன் பெயர் 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்'. மின்சாரம், தொலைபேசி, உடற்பயிற்சிக் கூடம் என்று மாதக் கட்டணங்களை இந்த வழியில்தான் பெரும்பாலோர் கட்டுகிறார்கள். 'ஐபான்' எனப்படும் 22 இலக்கக் கணக்கு எண்ணைக் கொடுத்து ஒப்புதல் தந்தால் போதும்.

உங்கள் பயம் நியாயமானதுதான். அதனால் இதை மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். அப்படி எடுத்த தொகையை எட்டு வாரங்களுக்குள், காரணமே சொல்லாமல், வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம். ஒப்புதலே தராத ஒருவர் எடுத்திருந்தால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. ஆனால் உண்மையிலேயே கட்ட வேண்டிய பணத்தை அப்படித் திருப்பினால் கடன் தீராது. நினைவூட்டுக் கடிதமும் தண்டக் கட்டணமும் தேடி வரும். கணக்கில் இருப்பு இல்லாமல் போனாலும் இதே கதைதான். சம்பளம் விழுந்த பிறகு பிடிக்கும்படி தேதியை மாற்ற முடியுமா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு வேறு வழி. ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட நாளில் தானாகவே போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். தொகையைக் குறிக்கும்போது மட்டும் கவனம்: ஜெர்மனியில் 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புள்ளியும் காற்புள்ளியும் நம் வழக்கத்துக்கு நேர்மாறு.

கேள்வி: ஜெர்மன் உணவகத்தில் டிப்ஸ் எப்படிக் கொடுப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மேசையில் வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். பரிமாறுபவர் இடுப்பில் பெரிய பணப்பையோடு வந்து, "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார். பில் 27 யூரோ 40 செண்ட் என்றால், பணத்தை நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லிவிடுங்கள். மீதி அவருக்கு என்று புரிந்துகொள்வார்.